பன்னிரண்டாம் பாடம்

"சொதி ஆறிப்போவுது, சாப்பிட வாங்க!"

"இந்தா, ஒரு நிமிஷம். வந்துட்டேன்."

இராமலட்சுமியின் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் அதுதான். மேலே இஸ்திரி போட்ட சட்டையும் இடுப்பில் பழைய சாரமுமாக அறையிலிருந்து வந்து இலை முன்னால் உட்கார்ந்தார் அவள் கணவர். இரண்டாவது கவளத்தில் நெஞ்சைப் பிடித்தார். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அது நான்கு வருஷத்துக்கு முன்னால்.

இன்று குற்றாலத்தில் அவளுக்குத் தேர்வு. தபால் வழியில் படிக்கும் பட்டத்தில் பாக்கி நிற்கும் ஒரே தாள், புவியியல். சீசன் கூட்டம். வேன்களுக்கு நடுவே ஸ்கூட்டரை நெளித்து நெளித்து ஓட்டினாள், கூடப் படித்த கடையநல்லூர் அஃப்ஷான்.

"அக்கா, இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதுங்க. நான் ஒரு வீடியோவும் பாத்ததில்ல, எனக்கு இந்தப் பேப்பரைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். நான் எழுபத்தெட்டு மார்க். நீங்க ஃபெயிலு. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு ஏட்டி."

"குத்தாலத்துல சாரல் அடிக்கி, கிழக்க திருவேங்கடத்துல வெயில் காயுது. ஏன்? சொல்லுங்க பாப்போம்."

"மேகம் மலையில மோதி மேல ஏறும். ஏற ஏறக் குளுந்து இங்கனயே கொட்டிரும். கிழக்க போவும்போது அதுகிட்ட மிச்சம் இருக்காது. மழை மறைவு."

"இதைத்தானக்கா கேப்பான்! எழுதுததுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

இராமலட்சுமி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

தேர்வு நடக்கும் பள்ளிக்கூட வாசலில் படிப்பு மையத்தின் பொறுப்பாளர் ஜெகதீஸ்வரன் நின்றிருந்தார். போன மாதம்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவர்.

"வாங்கம்மா, உங்களைத்தான் தேடிக்கிட்டு நிக்கேன். நாடு பூரா லட்சக்கணக்குல ஆள் படிக்கிற பல்கலைக்கழகம். வருஷா வருஷம் கூட்டம் கூடிக்கிட்டே போவுது. பரீட்சை முடிஞ்ச பொறவு புத்தகம் வருது. ரிசல்ட் அன்னைக்கு சர்வர் படுத்துருது. நாலு மையத்தை மூடி என் தலையில கட்டியாச்சு. இதுக்கு நடுவுல பழைய புவியியல் பாடம் ஒண்ணை வெப்சைட்ல இருந்து தூக்க முடியாமக் கிடக்கு. ஏன்? பழைய திட்டத்துல இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. யாருங்கீய? நீங்கதான்!"

"அக்காவுக்கு அவ்வளவு பவரா?" என்று சிரித்தாள் அஃப்ஷான்.

"நான் பாஸாயிட்டா என்ன சார் ஆவும்?"

"ரிசல்ட் வந்த அன்னைக்கே பழைய வீடியோவை எல்லாம் தூக்கிருவாங்க. பழைய வாத்தியார் பேரையும் எடுத்துருவாங்க. டெல்லி ஸ்டூடியோவுல புதுசு எடுத்து வச்சிருக்கு, பளபளன்னு. உங்களுக்கும் கையில டிகிரி."

"டிகிரி இருந்தாத்தான் சார் அக்காவுக்கு ஸ்கூல்ல வேலை நிக்கும்" என்றாள் அஃப்ஷான். "இல்லாட்டி இந்த வருஷத்தோட வேற ஆளு."

"ஃபெயிலாயிட்டா?" என்று கேட்டாள் இராமலட்சுமி.

"நல்ல கேள்வி கேட்டீங்க, பரீட்சைக்குப் போவும்போது! இன்னும் ஒரு வருஷம் அந்த வீடியோ கிடக்கும். என் தலையெழுத்து. போங்கம்மா, மணி அடிச்சாச்சு."

முதல் கேள்வியே மழை மறைவுப் பகுதி. ஜன்னலுக்கு வெளியே சாரல் விட்டு விட்டு அடித்தது. பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். 'மேற்கிலிருந்து வரும் மேகங்கள்' என்று எழுதினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் நடத்தும் ஒன்றாம் வகுப்பும், மாதச் சம்பளமும், வாடகையும் ஒவ்வொன்றாக நினைவில் வந்து போயின. பக்கத்து பெஞ்சில் யாரோ கூடுதல் தாள் கேட்டார்கள். எழுதிய வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்தாள்.

"அதுக்குள்ளயா?" என்று வாசலில் பதறினாள் அஃப்ஷான். "எத்தனை பக்கம் எழுதுனீங்க?"

"பரீட்சை நம்பரை மட்டும் எழுதுனேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? வேலை போயிருமேக்கா! ஏன் இப்படிப் பண்ணுதீங்க?"

இராமலட்சுமி மரத்தடியில் ஒதுங்கி நின்று கைப்பேசியை எடுத்தாள். பல்கலைக்கழகத்தின் பக்கம். பழைய பாடத்திட்டம். புவியியல், பன்னிரண்டாம் பாடம். ஆசிரியர்: உமாசங்கர், தென்காசி. பார்ப்பதற்காகக் கைப்பேசியை அஃப்ஷானிடம் நீட்டினாள்.

திரையில் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் மேகத்தையும் மலையையும் கைகளாலேயே காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அஃப்ஷான் இராமலட்சுமியின் வீட்டுச் சுவரில் மாலையோடு பார்த்திருக்கிறாள். சத்தத்தைக் கூட்டினாள்.

பாதிப் பாடத்தில், திரைக்கு வெளியே எங்கிருந்தோ இராமலட்சுமியின் குரல் கேட்டது: "சொதி ஆறிப்போவுது, சாப்பிட வாங்க!"

அவர் லேசாகத் திரும்பி, எப்போதும்போலச் சொன்னார்: "இந்தா, ஒரு நிமிஷம். வந்துட்டேன்."