எங்கே விற்கிறார்கள் பனி?

ஓரெஸ்ட் மாமாவின் வண்டி வருவதைப் பார்க்கவே வேண்டாம். கேட்டாலே போதும்.

"டா-டா-டார்கா, க-க-கதவைத் தி-தி-திற" என்று ஆடுகிற ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல் கையை ஆட்டி, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் விளையாட்டுக்கான எங்கள் ஊர் மன்றத்தில், காபி மேஜை மொத்தமும் சிரித்தது. அப்பாகூட.

சிரிக்காமல் எப்படி? காலமெல்லாம் இந்த ஊருக்கு ஒரே மெக்கானிக் அவர். யார் வண்டி ஆடினாலும், "சக்கரத்துக்குள்ள பனி உறைஞ்சிருக்கு, தட்டி எடுக்கத் தெரியாதா? உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?" என்று திட்டித்தான் அனுப்புவார். இந்தக் குளிர்காலத்தில், சனிக்கிழமை தவறாமல் அவர் வண்டியே அப்படி ஆடிக்கொண்டு வருகிறது.

உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். மன்றத்தின் தலைவர் யூரி அதற்காகவே காத்திருந்தார்.

"உக்காருங்க ஓரெஸ்ட். உங்களைப் பத்திதான் பேச்சு. அடுத்த சனிக்கிழமை நம்ம பொண்ணுங்க நாலு பேரும் போட்டிக்குப் போறாங்க. வேனை இந்தத் தடவை வேற ஆளு ஓட்டட்டும்."

ஓரெஸ்ட் மாமா உட்காரவில்லை. எங்கள் அணியின் வேனை ஒவ்வொரு வருஷமும் ஓட்டுவது அவர்தான். அதற்கென்றே மன்றத்துக் கோட்டு ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருப்பார். பிள்ளை குட்டி கிடையாது. நாங்கள் தோற்றுவிட்டு வந்தாலும், ஜெயித்த மாதிரி ஊருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வருவார்.

"என்கிட்ட என்ன குறை?"

"சொந்த வண்டியில பனி தட்டத் துப்பில்லை. உங்களை நம்பி பிள்ளைங்களை நெடுஞ்சாலையில விடறதா?"

"தட்டித்தான் வெச்சேன். மறுபடி ஏறிக்கிச்சு."

"எங்கேருந்து ஏறிச்சு? விடியறதுக்குள்ள ரோட்டுல பனி தள்ளியாச்சு. அவங்கவங்க வீட்டுப் பாதையை அவங்கவங்க டிராக்டரை வெச்சுத் தள்ளியாச்சு. இவரு மட்டும் எங்கயோ போய் பனி வாங்கிட்டு வர்றாரு. எங்க விக்கிறாங்கன்னு சொல்லுங்க, நாங்களும் வாங்கறோம்."

மறுபடி சிரிப்பு. ஓரெஸ்ட் மாமா காபியைக் கலக்கினார். அதில் சர்க்கரையே போடவில்லை.

சமையலறை ஜன்னலிலிருந்து ஸ்லாவ்கா அத்தை தன் பங்குக்கு எட்டிப் பார்த்தார்.

"ஞாபகமும் போயிடுச்சு போல. காலையில என் சிவப்புப் பானை நிறைய பீட்ரூட் சூப் வாங்கிட்டுப் போனாரு. ஒத்தை ஆளுக்கு ஒரு பானை சூப்பு. எங்க ஊத்தினாரோ, பானையையும் காணோம்."

"காபி முடியட்டும், ஓட்டெடுத்துடலாம்" என்றார் யூரி.

அந்த இடைவெளியில் எனக்கு ஓர் அற்புதமான யோசனை வந்தது. இன்னும் கொஞ்சம் பனியைச் சக்கரத்துக்குள் திணித்துவிட்டால், வீடு போய்ச் சேருகிறவரை மாமாவின் வண்டி கல்யாண நடனமே ஆடும். குல்லாவை மாட்டிக்கொண்டு நழுவினேன்.

திணிக்க இடமே இல்லை.

நாலு சக்கரத்திலும் விளிம்புவரை கல் மாதிரி இறுகிக் கிடந்தது பனி. பம்பர் மேல் பனி. கதவு இடுக்கில் பனி. முன்விளக்குகளைக்கூடக் காணோம். ரோட்டில் வந்த வண்டி இப்படி இருக்காது. இடுப்பளவு குவியலை முட்டி முட்டி உடைத்துக்கொண்டு போன வண்டிதான் இப்படி இருக்கும்.

அள்ளிய பனியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

யூரியின் கை உயர்ந்திருந்தது. அப்பாவின் கை பாதி வழியில் இருந்தது. ஓரெஸ்ட் மாமா குனிந்து தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இவரு மட்டும் எங்கயோ போய் பனி வாங்கிட்டு வர்றாரு" என்றேன், யூரியின் குரலில். தொண்டையைக் கனைப்பதுகூட அச்சு அசல். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு என் குரலிலேயே கேட்டேன். "நிஜமாத்தான் கேக்கறேன்ப்பா. இந்த வட்டாரத்துல பனி தள்ளாத பாதை எங்க இருக்கு?"

"அப்படி ஒண்ணும் இல்..." என்று ஆரம்பித்த அப்பா நிறுத்திக்கொண்டார். கை தானாக இறங்கியது.

ஸ்லாவ்கா அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "இல்கோ தாத்தா வீடு. இடுப்பெலும்பு உடைஞ்சதுலேருந்து அவரு டிராக்டர்ல ஏறலையே. வாயைத் திறந்து யாரையும் கேக்கவும் மாட்டாரு."

யூரியின் கை மட்டும் இன்னும் மேலே இருந்தது. அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியாத மாதிரி இருந்தது.

"டார்கா, உன் வாய் சும்மாவே இருக்காதா?" என்றார் ஓரெஸ்ட் மாமா. "காபி ஆறுது. எல்லாரும் குடிங்க."

யூரி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை, இஸ்திரி போட்ட கோட்டில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேனில் ஏறினார் ஓரெஸ்ட் மாமா. நாங்கள் நாலு பேரும் எங்களுக்கே கோப்பை கிடைத்துவிட்ட மாதிரி பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

கிளம்புகிற நேரத்தில் டட-டட-டட என்று ஒரு சத்தம். யூரியின் புத்தம்புது வண்டி, சக்கரமெல்லாம் பனி அப்பியபடி, ஆடி ஆடி வந்து நின்றது.

வேனுக்குள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்த ஆட்டத்தைச் செய்து காட்டவில்லை.

யூரியின் பக்கத்தில், சிவப்புப் பானையை மடியில் வைத்துக்கொண்டு இல்கோ தாத்தா உட்கார்ந்திருந்தார். யூரியைப் பெற்ற அப்பா.