வலது ஓரத்துக் கட்டங்கள்

ஆஸ்பத்திரி விசாரணை மேஜைக்குப் புது மென்பொருள் வந்ததிலிருந்து எஸ்தருக்கும் கதிரேசனுக்கும் வழக்கு ஓயவில்லை. நோயாளியின் பெயரைத் தொட்டால் போதும், அவருக்கு அப்போது வேண்டிய சீட்டுகளுக்கான கட்டங்கள் மட்டும் திரையின் வலது ஓரத்தில் வந்து நிற்கும்.

"எது வேணும்னு அதுவா முடிவு பண்றதாக்கும்? பழசுல எல்லாமே எப்பவும் இருந்துச்சு" என்பார் கதிரேசன்.

"எல்லாம் இருந்துச்சு, எதுவும் கெடைக்கலையே சார்!" என்பாள் எஸ்தர்.

ஐந்து நாளாகத் தூக்குவாளியோடு வரும் மாசாணம் இன்றும் வந்து மனைவியின் பெயரைச் சொன்னார். நோயாளியின் படத்தைப் பார்த்து உறவினர் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். அதற்காக எஸ்தர் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்துப் பெயரைத் தொட்டாள்.

"இவங்கதானே ஐயா?"

"அவதாம்மா." எழுத்துக்கூட்டத் தெரியாதவரின் விரல் ஓரத்துக்கு நகர்ந்தது. "நேத்து இங்க நாலு கட்டம் இருந்துச்சே. சாப்பாட்டுச் சீட்டு பச்சையா மேல இருக்கும். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு?"

எஸ்தர் எட்டி அந்த ஒன்றைப் படித்தாள். உடல் ஒப்படைப்பு என்றிருந்தது. கதிரேசனைப் பார்த்தாள்.

"அந்தப் பச்சைய மட்டும் வரவெச்சுக் குடும்மா" என்றார் மாசாணம், தூக்குவாளியை மேஜைமேல் வைத்தபடி.