பெரிய வளைவு

எப்போதும் சின்ன வளைவுத் தண்டவாளமே வாங்கும் தையல்காரர், இன்று பெரிய வளைவைக் கேட்டார். பொம்மை ரயில் கடைக்காரரால் நம்ப முடியவில்லை.

"ரூம்ல இடமில்லைன்னு மூக்கால அழுவீங்களே, அண்ணே?"

"இப்ப இருக்கு."

"அண்ணி இறங்கி வந்துட்டாங்களா? 'இந்த ரூம்ல நான் இருக்கணுமா, உங்க ரயில் இருக்கணுமா'ன்னு இங்கேயே நின்னு கேட்டாங்களே!"

"கேட்டா."

"அப்ப கிளை பிரியிற தண்டவாளமும் ரெண்டு வச்சுக்குங்க. ஒரு ஸ்டேஷனே போடலாம்."

தையல்காரர் தலையாட்டினார். கடைக்காரர் உற்சாகமாகப் பொட்டலம் கட்டினார்.

"கடைசியில ஜெயிச்சுட்டீங்க! எந்தப் பக்கம் இடம் விட்டாங்க?"

"ஜன்னலோரம். அவ கட்டில் கிடந்த இடம்."

"கட்டிலை எங்க மாத்தினீங்க?"

"காரியம் முடிஞ்சதும் யாருக்கோ கொடுத்துட்டேன், தம்பி. அதுல படுக்க இனி ஆள் இல்ல."