இரண்டு டஜன் முட்டை

குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு என் கணவர் டெல்ஃபின் வெளியே வர மறுத்தார்.

ஆடிட்டர் ஆவதற்கான சி.பி.ஏ. தேர்வு முடிவு எந்த நிமிடமும் வரலாம் என்று மகள் ரியலின் சொன்னதிலிருந்து இதே கூத்துதான். போவதும் வருவதும் குழாயைத் திறப்பதும். தேர்வு எழுதியவளோ அடுக்களையில் நின்று மாங்காயை இறால் விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, பரீட்சை எழுதுனது அவளா நீங்களா? வயித்தக் கலக்கணும்னா அவளுக்குல்ல கலக்கணும்!"

தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கும் கலக்கம்தான். போன மே மாதம் ரியலின் கோட்டை விட்டிருந்தாள். ஆறு தாளுக்கும் சேர்த்துச் சராசரி எழுபத்தைந்து வேண்டும்; அவளுக்கு எழுபத்து நான்கு சொச்சம். இந்த முறையும் போனால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, என் தங்கை லூர்டெஸோடு ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அங்கே வேலைபார்க்கும் லூர்டெஸ் விடுமுறைக்கு வந்து, பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காமல் இருந்தாள்.

"வேணாம்டி. இந்தக் குடும்பத்துல ஒருத்தி அடுத்தவன் வீட்டத் தொடைக்கிறது போதும்," என்றாள் லூர்டெஸ்.

அதனால் பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ ஊரில் தேர்வு எழுதுகிற வீட்டில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தோம். மழை வராமலிருக்கவும் மதிப்பெண் வரவும் புனித கிளாராவுக்கு முட்டை நேர்ந்துகொள்வது வழக்கம். நான் ஒரு டஜன் கொண்டுபோய்க் கன்னியர் மடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் டெல்ஃபின் இன்னொரு டஜன் வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒரு பெண்ணுக்கு எத்தனை முட்டை என்று கேட்டதற்கு, காதில் விழாத மாதிரி செருப்பை மாட்டினார்.

ராசிக்கு அவள் சிவப்பு உள்ளாடை போட்டாள். கொடியில் பார்த்தால் இவருடையதும் ஒன்று சிவப்பாகத் தொங்கியது. மகளுக்கு ஆதரவாம்! அரிசி மில்லில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தினமும் அவளோடு தேர்வு மண்டபத்துக்குப் போய், சாயங்காலம் அவளைவிட வாடிப்போய்த் திரும்பினார். வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு என்ன களைப்பு என்று நான் சிரித்தேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? முன்கூட்டிக் கொண்டாடினால் காரியம் கெட்டுவிடும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரியலின் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, கீழே 'சி.பி.ஏ.' என்று கொட்டை எழுத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அடித்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். தெருமுனையில் எந்தக் கம்பத்தில் கட்டுவது என்பதுவரை முடிவாகிவிட்டது.

"வந்துருச்சு!" லூர்டெஸ் கைபேசியோடு நாற்காலி மேல் ஏறினாள். எதற்கு ஏறினாளோ தெரியாது.

குடும்பப் பெயரை முதலில் போட்ட பட்டியலில் அவள் விரல் கீழே கீழே ஓடியது. "பால்மா... பால்மாரெஸ்... ஏயப்பா, ஊர்ல இத்தன பால்மாரெஸா! இரு, இரு... பால்மாரெஸ், ரியலின்! இருக்குடி! நம்ம புள்ள இருக்குடி!"

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்று என்னைக் கேட்கக் கூடாது. பன்சித் நூடுல்ஸ் இருந்த தட்டு கவிழ்ந்தது. நாய் மேசைக்கடியில் புகுந்தது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாளியோடே ஆடினார்.

ரியலின் மட்டும் ஆடவில்லை. சித்தியின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கி, பட்டியலை மேலே தள்ளினாள்.

"உன் பேரு கீழடி, கிறுக்கி!" என்றாள் லூர்டெஸ்.

அவள் விரல் நின்றது. எங்கள் எல்லோருடைய கத்தலையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு கத்துக் கத்தினாள். ஓடிப்போய்க் குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"அப்பா! நீங்களும் பாஸுப்பா! வெளிய வாங்க, ஆடிட்டரே!"

கைபேசியை வாங்கிப் பார்த்தேன். பால்மாரெஸ், டெல்ஃபின். கூடவே நடுப்பெயராக என் மாமியார் பிறந்த வீட்டுப் பெயரும் இருந்தது. வேறு ஆளாக இருக்க வழியே இல்லை.

"பாவி மனுஷா, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ஃபெயிலாயிட்டா நான் மட்டும் அழுதுக்கலாம்னு பாத்தேன்," என்றது குரல். அழுதுகொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

பட்டம் வாங்கிய கையோடு ஒருமுறை இந்தத் தேர்வுக்குக் கிளம்பினார். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான்தான். அவர் பித்தான் போடுவதற்குள் எனக்கு வலி எடுத்துவிட்டது. மண்டபத்துக்குப் போகவேண்டிய வண்டி ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. பிறகு மில் வேலை, பால் மாவு, பள்ளிக்கூடம் என்று நாள் ஓடியது. அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் சுத்தமாக மறந்துபோனேன்.

அன்றைக்குப் பிறந்தவள்தான் இப்போது கதவை உடைத்துக்கொண்டிருந்தாள்.