பத்து செகண்ட்

"பேட்டரியை எடுத்தியா, இல்லையா?"

தலைமையாசிரியர் பரசுராமன் மேஜையைத் தட்டிய தட்டில் டீ கிளாஸ் ஆடியது. எதிரே பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் கன்னியம்மா, கையில் துடைப்பத்தோடு.

"எடுத்தேன் சார்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கென்று தயார் செய்து வைத்திருந்ததில் பாதி வீணாகிவிட்டது.

விஷயம் இதுதான். திருவொற்றியூரில் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளிக்கு, பிள்ளைகள் இங்கிலீஷ் பேசிப் பழக ஒரு பேசும் பெட்டி இலவசமாக வந்திருந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கேள்வி கேட்கும். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, இன்று என்ன செய்தாய்? கேட்டுவிட்டுப் பத்து செகண்ட் சும்மா இருக்கும். பிள்ளை பதில் சொல்ல அந்த நேரம். பிறகு, என்ன சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, "வெரி குட்!" என்று பாராட்டும்.

பரசுராமனுக்கு அந்தப் பெட்டி என்றால் உயிர். அன்று காலை பார்வையிட வந்த அதிகாரியிடம் அதன் பெருமையைக் கால் மணி நேரம் அளந்துவிட்டு, இங்கிலீஷ் டீச்சர் ராமசெல்வியைப் பட்டனை அழுத்தச் சொன்னார். பெட்டி வாயே திறக்கவில்லை. அதிகாரி சிரித்தார். பரசுராமனின் மானம் கப்பலேறியது.

அதிகாரியை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது ராமசெல்வி எதிர்ப்பட்டார்.

"சார், அந்தப் பெட்டி வந்து..."

"நான் பார்த்துக்கிறேன். சாப்டாச்சா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே தம் அறைக்குள் போனவர்தான், கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை நான் போட்டது சிவப்பு பேட்டரி. இப்ப உள்ள இருக்கிறது ரெண்டும் நீலம். புதுசை எடுத்துக்கிட்டு செத்ததை மாட்டியிருக்கே. எதுக்கு?"

"வூட்டு கடியாரத்துக்கு சார்."

"நேத்துதானே கடிகாரம் நின்னுபோச்சுன்னு லேட்டா வந்தே?"

கன்னியம்மா துடைப்பத்தையே பார்த்தாள். பாவம், பொய்கூட ஒழுங்காக வரவில்லை.

"ஆறு வருஷமா உன்னை நம்பி சாவியைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். வேற ஆள் போடச் சொல்லி இன்னிக்கே மேலே எழுதுறேன்."

"வேலை பூட்டா கஷ்டம் சார்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாலை பள்ளி விட்டும் பரசுராமன் கிளம்பவில்லை. உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தபோது மாடியிலிருந்து பெட்டியின் குரல் கேட்டது. மதியம்தான் அதற்குப் புது பேட்டரி போட்டிருந்தார்.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, கடிதத்தோடு பூனை மாதிரி படியேறினார்.

கன்னியம்மா வகுப்புக்கு வெளியே, யாரும் வருகிறார்களா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்து, வாயில் விரலை வைத்தாள்.

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முதல் பெஞ்சில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், ராமசெல்வி டீச்சர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"டிட் யூ ஈட்?" என்றது பெட்டி.

"இல்லம்மா" என்றார் டீச்சர். "அவுக இருந்தவரைக்கும் ரெண்டு கொழம்பு வைப்பேன். இப்ப ஒருத்திக்கு எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்?"

"வெரி குட்!" என்றது பெட்டி.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பட்டனை அழுத்தினார்.

டீச்சரின் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. பரசுராமன் அன்றைக்குப் போய் ஒரு மாலை போட்டுவிட்டு வந்ததோடு சரி.

"தினமுமா?" என்றார் மெல்ல.

"விளக்கு வெக்கிற வரைக்கும் பேசிக்கினு கீறாங்க சார். நீங்க போட்ட பேட்டரி ரெண்டே நாள்ல தீந்து பூடுச்சு. பொட்டி பேசலேன்னதும் அவங்க மூஞ்சைப் பாக்க முடியல. அதான் எங்க வூட்டு கடியாரத்துல ஒண்ணு, டார்ச் லைட்டுல ஒண்ணு கயட்டியாந்து மாட்டி வுட்டேன்."

"இதை அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"டீச்சரு பொட்டியோட பேசுதுன்னு நாலு பேரு சிரிப்பாங்களே சார். என்னைத் திட்டுனா திட்டிக்கினு போறீங்க."

கையிலிருந்த கடிதத்தை அவர் நாலாக மடித்தார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பேசறதுக்கு மனுஷங்களா இல்லை? நான்கூட தினமும் 'சாப்டாச்சா டீச்சர்'னு கேக்கறேனே!"

"நானுந்தான் கேக்குறேன் சார். கேட்டுக்கினே நடந்து பூடுறோம். அந்தப் பொட்டிதான் பதிலு வர்ற வரைக்கும் நிக்குது."