இரண்டு பக்கமும் தலை

"பதினொரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கணும் சார். கொஞ்சம் சீக்கிரமா பார்த்துச் சொல்லிடுங்க."

பழங்காசுக் கடைக்காரர் ஷட்டரை முழுசாக ஏற்றக்கூட இல்லை. அந்தப் பெண் குனிந்து உள்ளே வந்து, கையிலிருந்த சின்னக் காகித உறையைக் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு காசு விழுந்தது. விழுந்த சத்தமே அவருக்குப் பிடிக்கவில்லை.

புரட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் தலை. அந்தப் பக்கமும் தலை.

"அச்சடிக்கிற இடத்துல நடந்த தப்பாம் சார். கோடியில ஒண்ணாம். எங்கப்பா முப்பது வருஷமா பீரோவுல பூட்டி வெச்சிருந்தாரு. வீடு போனாலும் இது காப்பாத்தும்னு சொல்லுவாரு."

"அப்பா இருக்காரா?"

"தவறி மூணு மாசம் ஆகுது. அண்ணனும் நானும்தான். வீட்டை அவர் எடுத்துக்கிட்டு, காசை எனக்கு விட்டுட்டாரு. வீட்டுல பங்கு வேண்டாம்னு இன்னிக்குக் கையெழுத்துப் போடறேன்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அறுந்த செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அந்த நிலைமையிலும் வீட்டை விட்டுக் காசைப் பிடித்திருக்கிறாள். போனில் எதையோ பார்த்துவிட்டு, விடிந்தால் கோடீஸ்வரர் என்று கிளம்பி வருகிறவர்கள் அவருக்குப் புதிதல்ல. ஆசை யாரை விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இப்போ அந்த வீட்டுல யாரு இருக்கா?"

"நானும் என் பொண்ணும். அப்பா படுத்த படுக்கையானப்போ பார்த்துக்க வந்தேன். ஆறு வருஷம் ஓடிடுச்சு. அடுத்த மாசம் காலி பண்ணணும்."

காசைத் தராசில் வைத்தார். இருக்க வேண்டியதைவிட அரை கிராம் குறைந்தது. லென்ஸைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு ஓரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தார். விளிம்புக்கு உள்பக்கமாக மயிரிழை போல ஒரு கோடு, ஓர் இடத்தில்கூட விடாமல் முழு வட்டம் போட்டிருந்தது.

இந்தத் தொழிலில் அவருக்குப் பிடிக்காதது இந்த நிமிஷம்தான். ஆனால் பூசி மெழுகிப் பேச அவருக்கு வராது.

"இது அச்சுப் பிழை இல்லம்மா. பட்டறை வேலை. ஒரு காசை லேத்துல குடைஞ்சு, இன்னொரு காசோட தலையைச் சீவி அதுக்குள்ள பொருத்தியிருக்காங்க. வித்தை காட்டுறவங்க வெச்சிருக்கிற சாமான். மாசத்துக்கு ரெண்டாவது வந்துடும்."

"எவ்வளவுக்குப் போகும்?"

"பஸ் டிக்கெட்டுக்குக்கூட ஆகாது."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடுவாள், இன்னொரு தடவை பாருங்கள் என்பாள் என்று கடைக்காரர் காத்திருந்தார்.

"சார், ஒரு உதவி. எங்கண்ணன் என்னிக்காவது வந்து விசாரிச்சா, நல்ல விலைக்குப் போகும்னு சொல்லிடுங்க."

"எதுக்கும்மா?"

"பெருசை எனக்கு விட்டுட்டு, ஓட்டை விழுந்த வீட்டை எடுத்துக்கிட்ட மனுஷன் சார். உனக்காவது விடியட்டும்மானு சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இது ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. வெளியில காட்டாதே, ஏமாத்திடுவாங்கன்னு வேற சொல்லியிருந்தாரு. வாடகைக்கு வீடு பார்க்கணுமேன்னு நான்தான் அவருக்குத் தெரியாம வந்துட்டேன்."

"இப்பதான் தெரிஞ்சு போச்சே. இன்னுமா கையெழுத்துப் போடப் போறீங்க?"

"வாக்குக் கொடுத்துட்டேன். அவர் அங்க வந்து காத்துக்கிட்டு இருப்பாரு."

கடைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இவளைப் பற்றி என்ன நினைத்தோம் என்பதை மறக்க, மளமளவென்று வேலையில் இறங்கினார். உறையை வாங்கினார். பார்த்த காசின் எடையையும் முடிவையும் மடிப்புக்கு உள்பக்கம் பென்சிலால் தேதியோடு குறித்துக் கொடுப்பது அவர் வழக்கம். பெரும்பாலும் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மடிப்பைப் பிரித்தார். பென்சில் அப்படியே நின்றது.

"இந்த உறை உங்களுதாம்மா?"

"அண்ணனுது சார். அப்பா போன மறுநாளே காசைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கிட்டாரு. போன வாரம்தான் இதுல போட்டு என் கையில குடுத்தாரு."

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை ஆகியிருந்தது. கடைக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். உறையை அவள் பக்கமாகத் திருப்பி, மடிப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கிளம்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்கம்மா. இது என் கையால எழுதினது."

அவள் குனிந்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள்.

'எடை அரை கிராம் குறைவு. பட்டறை வேலை. மதிப்பு இல்லை.'

கீழே இருந்தது போன மாதத் தேதி.