ஞானதுரையிடம் படித்த லாரி

லாரிகள் நின்று நின்றே உருவான பாலைவன நகரம் அது. அந்தி மங்கும் நேரத்தில், எஸ்தரின் டீக்கடை முன்னால் ஆளில்லா லாரி ஒன்று வந்து நின்றது.

“அக்கா, இறந்துபோன உங்க வீட்டுக்காரர்கிட்ட ஓட்டப் படிச்ச வண்டி இது. அவர் பழக்கத்துலதான் இங்க நிக்குது. இன்னிக்கு அந்தப் பழக்கத்தை அழிச்சாகணும்,” என்றான் கம்பெனி ஆள் நாசர்.

“தொட்டுறாத தம்பி! இதுக்காகத்தான் நான் ஊருக்குப் போவாம கெடக்கேன்.”

என்றைக்கும்போல் டீயோடு ஓடினாள். கதவு திறக்கவில்லை. உள்ளே இருக்கை காலியாக இருந்தது. அவர் டீ குடித்து முடிக்க ஆகும் நேரம் நின்றுவிட்டு லாரி கிளம்பியது.

ஆறிய டீயோடு திரும்பி வந்தாள்.

“அழிச்சிரு தம்பி. அவரு நின்னா, ‘ஏட்டி, இது டீயா கழனித்தண்ணியா’ன்னு ஏசுவாரு. இது சும்மால்லா நின்னுட்டுப் போவுது.”